பவுசருக்குள் ஆடிய தண்ணீர்

ரொறன்ரோவில் டோர்செட் பார்க் மாடிக் குடியிருப்பை விட்டு நகருக்கு வெளியே அஜக்ஸுக்கு வீடு மாறிய பிறகுதான் நான் வேலைக்கு ரயிலில் போகத் தொடங்கினேன். நகரின் நடுவே ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. தினமும் அதே பெட்டி, மேல்தட்டில் அதே ஜன்னலோரம். ஒருநாள் எதிர் இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும், நாற்பதுகளின் நடுப்பகுதி. குட்டையான உருவம், காதை மூடிய பெரிய கம்பளித் தொப்பி. உட்கார்ந்ததிலிருந்து என் கையிலிருந்த தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நிலையம் வரை பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"தேத்தண்ணி வேணுமோ? பிளாஸ்கிலை இன்னும் கிடக்கு."

"ஐயோ இல்லை. ரயில் பிரேக் பிடிக்கேக்கை உது எப்பிடி ஆடுதெண்டு பாக்கிறன். தயவுசெய்து குடிச்சு முடிச்சிடாதேயும்."

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் மனதில் எங்கள் பேச்சுத் தமிழிலேயே தங்கிவிட்டது. கடைசியில் அவளும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தாள். இஞ்சி கூடிவிட்டது என்று முகத்தைச் சுளித்தாள். மறுநாள் வந்ததும் தானாகவே கோப்பையை நீட்டினாள்.

அவள் மெக்சிகோக்காரி. வடக்கே மழை எட்டிப் பார்க்காத ஒரு சிறு நகரத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா அங்கே வீடு வீடாகத் தண்ணீர் கொண்டுபோகும் பவுசர், அதாவது தாங்கி லொறி, ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாளாம். பிரேக் போட்டால் வண்டி நிற்கும். நின்ற பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல ஒரு உதை வரும்.

"அப்பா, ஆர் பின்னாலை தள்ளுறது?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"தண்ணி, மகள். நான் நிக்கச் சொன்னது அதுக்குக் கேக்கேல்லை."

அந்தப் பதிலின் மீதிதான் தன் வாழ்க்கை என்று சொல்லிச் சிரிப்பாள். தலைநகரத்துக்குப் போய் இயற்பியல் படித்தாள். ஆடும் மேசைமேல் கண்ணாடித் தொட்டிகளை வைத்துத் தண்ணீரை அளந்துகொண்டே சில வருடங்கள் இருந்தாள். அளந்தது போதவில்லை. தண்ணீர் ஏன் அப்படித்தான் ஆடியாக வேண்டும் என்று தெரியவேண்டியிருந்தது. கணிதத்துக்கு மாறினாள். கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்காக ரொறன்ரோ வந்து, பட்டத்தையும் வாங்கினாள். நிரந்தர வேலைதான் கிடைக்கவில்லை. காலையில் ஒரு கல்லூரி, பின்னேரம் வேறொரு கல்லூரி, எல்லாமே ஒப்பந்தம்.

"இயற்பியல்காரர் என்னைக் கணிதக்காரி எண்டினம். கணிதக்காரர் இயற்பியல்காரி எண்டினம். வேலை எண்டு கேட்டா, அங்கை போய்க் கேள் எண்டு ஆளையாள் காட்டுவினம்."

"நீர் என்னத்தைத்தான் தேடுறீர்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

அவள் நேராக உட்கார்ந்தாள். "ஒரு தொட்டி, அதுக்குள்ளை பாதித் தண்ணி. வெளியிலையிருந்து ஆட்டிக்கொண்டே இருக்கிறம். சில ஆட்டத்துக்குத் தண்ணி அடங்கி நடக்கும். சில ஆட்டத்துக்கு அலை கூடிக்கூடிப் போய்த் தொட்டியையே புரட்டிப்போடும். ரெண்டுக்கும் நடுவிலை ஒரு எல்லை இருக்கு. அது எங்கை எண்டு அளந்து சொல்ல ஆக்கள் இருக்கினம். அது அங்கைதான் இருக்கவேணும் எண்டு நான் நிரூபிக்கப்போறன்."

எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் அவள் விரும்பியது விளங்கியது.

ஒரு மாசிமாதக் காலை, கடும் பனி. ஏரிக்கரையோரமாக ரயில் நின்றுவிட்டது. மேல்தட்டில் யாரும் சத்தம்போடக் கூடாது என்பது விதி. எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். அவள் ஒரு காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து ஸ்பானிய மொழியில் ஒரு கூச்சல் போட்டாளே! தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தன் பையைக் கட்டிப்பிடித்தார். ஒரு அம்மா சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலால் காட்டினார். அவள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்து, என் காதுக்குள் சொன்னாள்.

"வந்திட்டுது. முழுக்க வந்திட்டுது."

அடுத்த வாரம் வாடிய முகத்தோடு வந்தாள். நிரூபணத்தின் நடுவில் ஒரு படி பிழையாகிவிட்டதாம். அதற்குப் பிறகு பல நாள் தேநீரைக்கூடப் பார்க்காமல் குடித்தாள். பனி உருகி மரங்கள் துளிர்த்த ஒரு காலையில் கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் பூட்டிக்கொண்டு ரயில் மேடையில் நின்று கையசைத்தாள். கேட்க வேண்டியே இருக்கவில்லை. ரயில் வருவதற்குள் அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அவளுடைய கட்டுரையை ஒரு பெரிய கணித இதழ் ஏற்றது. பல்கலைக்கழகம் ஒன்று அவளைப் பேச அழைத்தது. அதைக் கேட்க அவளுடைய அப்பாவும் மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கினார். பேச்சுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என் கணவர் எங்கள் வான் வண்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அஜக்ஸ் ஏரிக்கரைக்குப் போனார். கிழவர் இறங்கி அசையாமல் நின்றார்.

"எந்தக் கடல்?" என்று மகளிடம் கேட்டார்.

"கடல் இல்லை அப்பா, ஏரி. நல்ல தண்ணி."

அவர் நம்பவில்லை. காற்சட்டையை மடித்துவிட்டு அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினார். அவள் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் ஒரு கை அள்ளிச் சுவைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிச் சிரிக்கத் தொடங்கினார்.

"இவ்வளத்தையும் ஆர் கொண்டுவந்து ஊத்தினது?" என்று அவர் கேட்டதை அவள் எங்களுக்குச் சொன்னாள். என் கணவர் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த வாத்துகள் விலகிப் போயின.

பேச்சுக்கு நானும் போனேன். அவளுடைய அப்பாவுக்குப் பக்கத்தில் இடம். திரையில் முதலில் அந்தப் பவுசரின் படம் வந்தது. நடுவே அவள் ஸ்பானிய மொழிக்கு மாறி அவருக்கு மட்டும் கொஞ்சம் விளக்கினாள். அவர் தலையாட்டினார். பேச்சு முடிந்து கேள்விகள் நீண்டுகொண்டே போனபோது உரக்க ஏதோ சொன்னார். மண்டபத்தில் மொழி தெரிந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். பின்னாலிருந்த ஒரு மெக்சிகோ மாணவி என் பக்கம் குனிந்தாள்.

"சின்னனிலை வண்டியை விட்டு இறங்கமாட்டாள், இப்ப மேடையை விட்டு இறங்குறாளில்லை, எனக்குப் பசிக்குது எண்டுறார்."

அவரை டோர்செட் பார்க்கில் ஒரு தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போய்க் கொத்துரொட்டி வாங்கிக்கொடுத்தோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தட்டும் கேட்டார்.

அவர் ஊர் திரும்பிய பிறகு, கோடையில் ஒரு சனிக்கிழமை, அவள் எங்கள் குசினியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மா. தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்து அவள் காதில் பிடித்தேன். "ஓம்" என்பதை மட்டும் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு தொலைபேசியை எடுக்கச் சொல்லித் தலையால் காட்டினாள். கண் நிரம்பியது.

"என்னவாம்?" என்றார் என் கணவர், பயந்துபோய்.

"வேலை. நிரந்தர வேலை. இயற்பியலும் கணிதமும் ரெண்டும் சேர்ந்து என்னை எடுக்கினமாம்!"

மாக்கையோடு என் கணவரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எங்கள் கலியாணத்தில்கூட ஆடாத மனுசன், "எண்ணெய் கொதிக்குது, எண்ணெய் கொதிக்குது" என்று கத்திக்கொண்டே ஆடினார். நான் அடுப்பை நிறுத்திவிட்டு அவளுடைய அப்பாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டுக் கொடுத்தேன். அவள் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள். அவர் போட்ட கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எல்லாம் சந்தோசச் சத்தம்தான் என்று அவருக்குக் கையசைத்துச் சொன்னேன்.