பிரிக்காத பெட்டி

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு 'ஒண்ணுமில்ல' அண்ணன் என்று பெயர். பந்தயத்தில் ஜெயிக்கும் குதிரைகளின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஊசியின் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குதிரைகூட மாட்டியதில்லை. அதற்குக் கேடயம் வேறு கொடுத்தார்கள், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

மாட்டாததில் மாயமொன்றும் இல்லை. ஊசி போட்ட ஓரிரு நாளில் அந்த ஹார்மோன் ரத்தத்தைவிட்டுப் போய்விடும். ஊசியோ பந்தயத்துக்குப் பல வாரம் முன்பே போட்டாகிவிடும். அண்ணன் பந்தயம் முடிந்த பிறகு எடுத்த ரத்தத்தில் ஹார்மோனைத் தேடுவார். திருடன் ஊரைவிட்டே போன பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிற சமர்த்து!

ஊசிக்கு எதிராகக் குதிரையின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் மட்டும் வாரக்கணக்கில் ரத்தத்திலேயே கிடக்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் புது சோதனை கிட் ஒரு பெட்டி போன வருடம் வந்தது. பிரிக்கலாமா என்று இரண்டு முறை கேட்டேன்.

"குதிரைக்காரங்க சண்டைக்கு வருவாங்க. நமக்கெதுக்குப்பா வம்பு?" என்று அதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவருடைய மகள் பந்தயக் குதிரை ஓட்டுகிறவள். போன சனிக்கிழமை பெரிய பந்தயத்தில் குதிரையின் ஒரு தலை நீள வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தாள். முந்தியது, மூன்றே மாதத்தில் எருமை மாதிரி தோள் பெருத்திருந்த ஒரு குதிரை. புதன்கிழமை முடிவை உறுதி செய்துவிடுவார்கள்; அதற்குள் அது மாட்டினால் வெற்றி இவளுக்கு, பெரிய லாயத்தில் இடமும் இவளுக்கு.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே அண்ணன் ஆஜர். பத்துக்கு முன்னால் அவர் முகத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பெட்டிய எடுப்பா, சீக்கிரம்!"

எடுத்தேன். காலாவதியாகி நான்கு மாதம். விடாமல் போட்டுப் பார்த்தார். ஒப்பிடுவதற்காகப் பெட்டியோடு வந்திருந்த, ஊசி போட்ட குதிரையின் ரத்தத்தில்கூட நிறம் ஏறவில்லை. புது கிட் வர மூன்று வாரம் ஆகும். கடைசியில் பழைய முறையிலேயே சோதித்து, பழைய படிவத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

மதியம் மகள் வந்தாள்.

"என்னப்பா வந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் பார்வை மேசையில் கிடந்த பெட்டியின் காலாவதித் தேதிக்குப் போனது. "இது எப்பப்பா வந்துச்சு?"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போன வருஷம்மா," என்றேன்.