வீக்கம் இல்லாத நாள்

தையல்கடையில் பட்டன் வைத்தே பாதி ஆயுளைத் தேய்த்தவள் அவள். விடிந்ததும் விரல் மடங்காது, மதியம் ஒருவழியாக மடங்கிவிடும். "வேலைன்னா மட்டும் வலிக்கும்" என்பான் புருஷன்.

உடம்பு தன் மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். புது மருந்து ஒன்றை ஆராய்ச்சிக்காகக் கொடுத்துப் பார்க்கிறார்களாம், அதற்கு ஆள் எடுக்கிற நாளில் இவளையும் வரச் சொன்னார்கள். படித்தவர்கள் முன்னால் கோணல் கையோடு நிற்கக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் வீக்கத்துக்கு மாத்திரை வாங்கி முந்தின நாளே விழுங்கினாள். வெகுநாளைக்குப் பிறகு அன்று காலையில் தானே தலைவாரிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். "வீக்கமே இல்லையேம்மா. வீக்கம் இருக்கிறவங்களத்தான் சேர்ப்போம்."

"மாத்திரை போட்டுட்டு வந்தேன்."

"அப்படின்னாலும் சேர்க்க முடியாதும்மா. இன்னிக்குக் கையில இருக்கிற வீக்கந்தான் கணக்கு."

நோயைக்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியாதவள் என்றாகிவிட்டது. கூட வந்த புருஷன் அவளுக்கு முன்னால் நடந்துபோய் பஸ் ஏறினான்.

இரண்டு நாளில் மாத்திரையின் வேகம் தணிந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் அவனிடம் நீட்டினாள். அவன் தலைகூட நிமிரவில்லை.

"நீயே திற. வீக்கமே இல்லன்னு டாக்டரே சொல்லியாச்சே."