மெலிந்த குரலுக்கு ஒரு பெட்டி

தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்குக் குரல் போய்க் காற்றுதான் மிஞ்சியிருந்தது. குரல் மெல்லத் திரும்பலாம் என்றார் டாக்டர். அதுவரை குற்றாலத்துப் பழக்கடையை மூடிவைக்க அவள் சம்மதிக்கவில்லை. டீச்சர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் பெட்டி ஒன்றைத் தென்காசியில் வாங்கிக் கொடுத்தேன்.

சாரலோடு கூட்டமும் வந்துவிட்டது. பெட்டியில் அம்மாவின் பேச்சு மணல் கலந்ததுபோல் நரநரத்தது.

"என்னக்கா, தகரத்த மெல்லுத மாதிரில்லா இருக்கு," என்றார் பக்கத்து நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்காரர்.

"ஒம்ம சிப்ஸத் தின்னா அப்படித்தான் இருக்கும்," என்றாள் அம்மா.

"என்னது?"

நான் திருப்பிச் சொன்னதும்தான் சிரித்தார். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "பெட்டிதான் கோளாறு. எனக்குக் கொரலு தேறிட்டு வருது. நீ எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவதான ஏட்டி, சரி பண்ணு."

மைக், வயர், பேட்டரி, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எதிலும் பிழையில்லை. மிஞ்சியது ஆம்ப்ளிஃபையரின் கடைசிப் பகுதி. அங்கே இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்று ஒலியலையின் மேல்பாதியைத் தள்ளும், மற்றது கீழ்ப்பாதியை. ஒன்று விட்டு மற்றது பிடிக்கும் இடத்தில் சிறு இடைவெளி. உரத்த குரல் அதைத் தாண்டிப் போய்விடும். மெலிந்த குரல் அதிலேயே விழுந்து நொறுங்கும். இரண்டும் முழுதாக அணையாமல், எப்போதும் கொஞ்சம் விழித்தே இருந்தால் இடைவெளி மூடிவிடும். அதற்கு இரண்டு டயோடுகள் போதும். ஈயத்தால் பற்றவைத்தேன். ஒலியலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் அலை உடையாமல் ஓடியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காலையில் கடையில் அம்மா வாயைத் திறந்தாள். நரநரப்பு துளியும் இல்லை. குரலும் இல்லை. மூச்சாக வந்த சொற்கள் மட்டும் சுத்தமாகக் கேட்டன. இத்தனை நாளும் இரண்டு பேருமே அந்த நரநரப்புக்குள் தேறிவரும் குரல் இருப்பதாக நம்பியிருந்தோம்.

"இப்ப தெளிவா இருக்குக்கா," என்றார் சிப்ஸ் கடைக்காரர்.

அம்மா இன்னொரு முறை பேசிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

பெட்டியில் இன்னும் ஒன்று மாற்றிப் பார்க்கலாம் அம்மா என்று சொல்ல நினைத்தேன். பார்க்க எதுவும் மிச்சமில்லை. "ஆமாம்மா," என்றேன்.

அவள் பெட்டியின் பெல்ட்டை அவிழ்த்து என் இடுப்பில் கட்டி, மைக்கை என் வாயருகே வளைத்துவிட்டாள். அருவிப் பக்கமிருந்து ஈரத் துண்டோடு ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தது.

"கூப்பிடு," என்று உதட்டை அசைத்தாள்.

கூப்பிட்டேன். பெட்டி என் குரலைத் துல்லியமாகத் தந்தது. அம்மா குனிந்து மங்குஸ்தானை அடுக்கிக்கொண்டிருந்தாள்.