மெழுகில் விழுந்த வெடிப்பு

மெழுகு உருகும் வாசனை வந்தாலே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் துணியில் மெழுகால் பூ வரைந்து சாயத்தில் தோய்க்கும் பாத்தேக் வகுப்பும், துணியில் விழுந்ததுமே மெழுகை விறைக்க வைத்த குளிரும் கூடவே வந்துவிடுகின்றன. சாயத்தில் தோய்த்ததும் என் பூவெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் பச்சை இறங்கி வரிவரியாக ஓடியது. ஈப்போவிலிருந்து வந்திருந்த டீச்சர், "கெட்டுப்போச்சு, வேற துணி எடுத்துக்க" என்றார். கெட்டதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த அம்மா, ஒரு பச்சைக் கோட்டை விரலால் தடவி, "நம்ம மலதான்லா இது. இந்தத் தேயில நெரையிலதான் நான் நிப்பேன்" என்றாள்.

அந்த மலையில் இப்போது தேயிலை இல்லை. பிளாஸ்டிக் கூரைக்கடியில் தக்காளி. சமவெளியில் நான் நடத்தும் வகுப்பில், மெழுகிட்ட துணியைச் சாயத்தில் தோய்க்கும் முன் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்கிறேன். வெடிக்கட்டும்.