கனமும் கறையும்

என் தம்பி கண் மருத்துவமனையில் படம் எடுப்பவன். முகத்தை அல்ல, கண்ணுக்குள்ளே இருக்கும் நரம்பை. கருவியின் தாங்கியில் தாடையை வைத்தவர்களிடம் நாள் முழுதும் "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று சொல்வதால் அங்கே அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. "ஆடாதீங்க சாப்பிடப் போயிருக்காரு" என்று வாசல் காவலாளி ஒருமுறை என்னிடமே சொன்னார். எனக்குப் பெருமைதான். படம் மங்கலாக வந்தால் மறுபடி எடுக்காமல் யாரையும் அனுப்பமாட்டான். நான் தையற்காரி, பிசிறோடு ஒரு துணியைக் கொடுக்க எனக்கும் மனசு வராது.

எங்கள் அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் எதிரே நிற்பவரின் மூக்கு மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. குடும்பத்தில் இறங்கும் நோய் என்பதால் தம்பி வருடா வருடம் என்னை இழுத்துக்கொண்டு போவான். கண் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

இந்த முறை முதலில் ஸ்கேன். அது நரம்பிழைகளின் கனத்தை அளந்து, சரியாக இருந்தால் பச்சை, மெலிந்திருந்தால் சிவப்பு என்று காட்டும். எனக்கு முழுதும் பச்சை.

"அப்புறம் என்னடா, சிக்னல் விழுந்தாச்சு. நான் கிளம்பறேன்."

"போட்டோ பாக்கி இருக்கு. உக்காரு."

"அதுக்கு மருந்து ஊத்துவே. சாயங்காலம் வரைக்கும் ஊசிக் காது தெரியாது. ரெண்டு கோட்டு முடிக்கணும்டா."

"கோட்டு எங்கயும் ஓடிப்போயிடாது."

"பெரிய மேதாவி! உன் மிஷினே பச்சைங்குது, உனக்கு நம்பிக்கை இல்லை."

"அக்கா, துணியோட கனத்தை அளந்தா அதுல கறை இருக்கான்னு தெரியுமா?"

என் தொழிலை வைத்தே என் வாயை அடைத்துவிட்டான். மருந்தை விட்டுக்கொண்டேன்.

வெளிச்சம் பளிச்சிட்டது. இடது கண்ணுக்கு மட்டும் மறுபடியும் ஒருமுறை. பிறகு திரையை விட்டுப் பார்வையை எடுக்காமல், "கொஞ்சம் வெளியே உக்காருங்க. டாக்டர் கூப்பிடுவாங்க" என்றான்.

உக்காருங்க. பேச்சு வந்த நாளிலிருந்து அவன் என்னை 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறான். படத்தில் இருப்பதை எடுத்தவர் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். அவன் அதை மீறவில்லை. ஆனாலும் படத்தில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டரம்மா ஸ்கேனையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்ததால் விரலை வைத்து விளக்கினார். நரம்பின் விளிம்பில் மயிரிழை போல ஒரு ரத்தக் கீற்று.

"ஸ்கேனுக்கு இது தெரியாது. போட்டோவுக்குக் கனத்தை அளக்கத் தெரியாது. அதான் ரெண்டையும் பாக்கறோம். நோய் தொடங்குறதுக்கு இது ஒரு அடையாளம். சில வாரம் போயிருந்தா இந்தக் கீற்றே மறைஞ்சு, நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அப்பாவுக்கும் இருந்ததால சொட்டு மருந்தை இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். நரம்பு இன்னும் முழுசா இருக்கும்மா. காப்பாத்திக்கலாம்."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஏன்டா அழறே? நோய் எனக்குத்தானே?"

"ஒரு நாள் சொட்டு மருந்து போடாம விட்டே, உதை விழும்."

"யாரை யாருடா உதைக்கிறது? நான் மூத்தவ."

"சரிங்க மூத்தவளே, படி வருது, பாத்து."

படி தெரியவில்லை. அவன் சொன்ன இடத்தில் காலை வைத்தேன்.