குலுக்கிப் பார்க்கும் தண்ணீர் பாட்டில்

நாரணாபுரத்தில் பட்டாசு வேலை பார்க்கும் என் கணவர், நிமோனியா முற்றி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். டாக்டர் கிட்னிக்கென்று கூடுதலாக ஒரு ரத்தப் பரிசோதனை சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது.

"சளி நெஞ்சுல இருக்கு. கிட்னிக்கு எதுக்கு ரத்தம் எடுக்கீக?"

"சளி முத்துனா கிட்னியும் அடிபடலாம். ரத்தத்துல உப்பு கூடுறதுக்கு முன்னாலயே அதை இது காட்டிரும்மா. தண்ணி நல்லா குடிப்பாரா?"

அடிக்கடி எழுந்து போனால் வேலை ஓடாது என்று, தீபாவளி சீசனில் அவர் தண்ணீரே குடிக்க மாட்டார். உடம்பு வலிக்குக் கடை மாத்திரை வேறு. எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதித்தேன்.

பரிசோதனையில் ஆபத்து முன்கூட்டியே தெரிந்தது. மருந்துகளை மாற்றிக் கவனித்தார்கள். டயாலிசிஸ் வரை போகாமல் பிழைத்துக்கொண்டார்.

முன்பெல்லாம் அவர் வேலை முடிந்து வேனை விட்டு இறங்கியதும், "இன்னைக்கு எம்புட்டு வேலை ஓடுச்சு?" என்று கேட்பேன். இப்போது முதலில் பையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். காலியாக இருந்தால்தான் காபி.