நான் அழிக்கச் சொன்ன துண்டு

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அது என்னுடையது. அவிநாசிப் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கு ரவிக்கையில் பூவேலை போட்டுக் கொடுக்கும் மெஷின் வைத்திருக்கிறேன். அதற்கான டிசைன் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில், விண்டோஸில் இருக்கின்றன. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு கொடியையும் வளைத்தது நான்தான். பதினோரு வருட வேலை.

என் மருமகள் வேலைக்காக ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். அதற்கு விண்டோஸ் ஆகாது, லினக்ஸ் என்று வேறொன்று வேண்டுமாம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைக்கலாம், திறக்கும்போது எது வேண்டுமென்று அதுவே கேட்கும் என்றாள்.

"பாகம் பிரிக்கற மாதிரியா அம்மணி?"

"அதேதானுங்கத்தை. மொதல்ல உங்க டிசைனையெல்லாம் காப்பி எடுத்து வெச்சுக்கலாங்களா?"

"அதொண்ணும் வேண்டாம். காப்பி வெளிய போனா நாளைக்கே கடைவீதியில தொங்கும்."

முன்பு ஒருத்தி என் மாங்கொடி டிசைனை அப்படித்தான் எடுத்துத் தன் கடையில் போட்டு விற்றாள். மருமகளுக்கும் அது தெரியும். காப்பி எடுக்காமலே வேலையைத் தொடங்க ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். லினக்ஸ் இருந்த பென்டிரைவைச் செருகியதும், கம்ப்யூட்டரின் உள்ளிடம் முழுவதும் ஒரு நீளப் பட்டையாகத் திரையில் வந்தது. எங்கே வெட்டுவது என்று அவள் யோசித்தாள். என் அண்ணன்மார் தோட்டம் பிரித்தபோது, சங்கிலி பிடித்து அளந்தவர்களோடு வரப்பு வரப்பாக நடந்தவள் நான். மூலையில் துக்காணித் துண்டு மிஞ்சினால் அதை யார் பாகத்திலாவது சேர்த்துவிடுவோம். விட்டுவைத்தால் பிறகு அதற்கே சண்டை வரும்.

பட்டையின் தலைமாட்டில் அப்படி ஒரு துண்டு இருந்தது.

"இது யாருதுங்கண்ணு?"

"தெரியலீங்களே அத்தை. நூறு எம்.பி.தான் காட்டுது."

"பேரில்லாதத எதுக்கு உட்டுவெக்கோணும்? அழிச்சு உன்ற பங்குல சேத்துக்க."

தயங்கினாள். நான் பார்த்த பார்வையில் அழித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் லினக்ஸ் ஏறாமல் நின்றது. அணைத்து மறுபடி போட்டோம். விண்டோஸும் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி.

ரிப்பேர் கடைக்குப் போன் போட்டேன். "புதுசா விண்டோஸ் போட்டுத் தந்தர்றனுங்க. உள்ள இருந்ததெல்லாம் போயிருமுங்க" என்றார்.

"போகட்டும்னு சொல்றதுக்கா உங்களக் கூப்பிட்டேன்? வையுங்க" என்று வைத்துவிட்டேன்.

மருமகள் அழுகிற நிலையில் இருந்தாள். "அழுது போட்டு அப்புறம் பாக்கலாம்னா அழு. இல்லீன்னா இப்பவே பாரு. அழிக்கச் சொன்னது நானு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லினக்ஸ் பென்டிரைவையே மறுபடி செருகினாள். அதை ஏற்றாமலே உள்ளே எட்டிப் பார்க்க முடியுமாம். திரையில் மஞ்சள் பை போலிருந்த ஃபோல்டர் ஒன்றைத் திறந்தாள். உள்ளே என் டிசைன்கள் வரிசையாக இருந்தன.

"எல்லாம் இருக்குதுங்கத்தை! நாம அழிச்சது தோட்டத்தையில்லீங்க, தோட்டத்துக்குப் போற வண்டித்தடத்த. விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுக்கும் அந்தத் துண்டுதானுங்க பொதுவழி."

"அப்ப மொதல்ல காப்பி எடு."

"கடைவீதியில தொங்காதுங்களா?"

"தொங்குனாத் தொங்கட்டும். எடு கண்ணு."

எடுத்த பிறகு, பக்கத்து வீட்டு லேப்டாப்பில் விண்டோஸை வேறொரு பென்டிரைவில் ஏற்றி வந்தாள். வழியைத் திரும்பப் போடும் கட்டளைகள் போனில் இருந்தன. சட்டைப் பைகளில் பெயர் தைத்த பழக்கத்தில் ஆங்கில எழுத்துகள் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் படிக்கத்தான் வராது. போனை நான் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவள் தட்டினாள்.

"அடுத்தது சாஞ்ச கோடு."

"எந்தப் பக்கமுங்க சாஞ்சிருக்குது?"

"தலை எடப்பக்கம்."

இரண்டு முறை தப்பானது. மூன்றாம் முறை விண்டோஸ் வந்தது. சோறு தின்றுவிட்டு, அந்தத் துண்டைத் தொடாமல் லினக்ஸையும் ஏற்றினாள். இப்போது கம்ப்யூட்டரைப் போட்டால் இரண்டு பெயர்கள் வருகின்றன. அவளுடையது மேலே, என்னுடையது கீழே.

நான் அம்புப் பொத்தானைத் தட்டிக் கீழ்ப் பெயருக்கு இறங்கி என்னுடையதைத் திறந்தேன். ஒவ்வொரு டிசைனாகத் திறந்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்தேன். பாதி பார்ப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. பக்கத்தில் அவள் பாட நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.